அருமைக்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டிய நாள்

குடல் ஆபரேஷன் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வயிற்றில், மலம் சேரும் பை வரப்போகிற இடத்தை மார்க்கர் பேனாவால் குறிக்கிறீர்களே, அவர் வேட்டியை எங்கே கட்டுகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் குறிக்கிறீர்களா? பார்க்கவில்லை என்றால் உங்கள் மேல் எனக்குக் கோபம் வரும். ஓய்வு பெற்ற பிறகும் என் கோபம் மட்டும் இன்னும் டியூட்டியில்தான் இருக்கிறது.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் எங்கள் பெரிய டாக்டர். கத்தியைப் பிடித்தால் கை நடுங்காது, வாயைத் திறந்தால் நமக்கு நடுங்கும். நான் குறிபோட்டு வைத்திருந்த ஒரு லாரி டிரைவரை அவர் உட்கார வைத்துப் பார்த்தார். தொப்பை மடிந்து என் குறி அதற்குள் காணாமல் போயிருந்தது. "சிஸ்டர், இந்த ஆளு படுத்துக்கிட்டா லாரி ஓட்டுவாரு? நாளைக்கு என்ன வேலைக்குப் போகோணும்னு கேட்டுப்போட்டுக் குறி போடுங்க" என்றார். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து நான் கேட்காமல் குறித்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வயிற்றோடு நிறுத்திக்கொண்டேன். அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

உங்களுக்குப் பாடத்தில் வந்ததுதான். சாப்பிட்டது சிறுகுடலைத் தாண்டி, பெருங்குடலில் வலது பக்கம் ஏறி, குறுக்கே நடந்து, இடது பக்கம் இறங்கி, மலக்குடலில் வந்து காத்திருக்கிறது. அந்தக் கடைசி முக்கால் சாணைப் பற்றி நம் ஊரில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. ரத்தம் போனால் 'சூடு' என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து 'மூலம்' என்பார்கள். கருணைக்கிழங்கு, துத்திக்கீரை, மோர் என்று ஒவ்வொன்றாக வரும். மூலத்துக்கும் ரத்தம் போகும், புற்றுக்கும் ரத்தம் போகும், விரல்விட்டுப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பார்க்கும் டாக்டரிடம் போவதற்கே நம் ஆட்களுக்கு ஒரு வருஷம் ஆகிவிடும்.

கொடுமுடிப் பக்கத்திலிருந்து வந்த அருமைக்காரருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பக்கத்துக் குடியானவர் கல்யாணங்களில் முகூர்த்தக்கால் நடுவதில் இருந்து தாலி எடுத்துக் கொடுப்பது வரை முன்னால் நின்று நடத்துகிறவர் அருமைக்காரர். அதற்கென்று சில சீர்ச் சடங்குகள் செய்துகொண்டு தகுதி பெற்ற சம்சாரி. சுத்தபத்தமாக இருக்க வேண்டும். அவர் கை பட்டால் குடும்பம் தழைக்கும் என்று நம்புகிறார்கள். இவர் அறுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, நல்ல உயரம், வார்டில் கூட்டுகிற பெண்ணைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

மலக்குடலின் அடியில், ஆசனவாயை ஒட்டி, கட்டி. ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, குடலின் முனையை இடது வயிற்றில் வெளியே கொண்டுவந்து, பை வைக்க வேண்டும். ஆயுசுக்கும் பைதான். டாக்டர் சொல்லி முடித்ததும் அவர் கும்பிட்டார். "ரொம்பச் சந்தோசமுங்க. நாங்க யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பின்னாலேயே போய் மரத்தடியில் பிடித்தேன். "ஏனுங்க ஐயா, என்ன பயமுங்க?"

"சாவுக்குப் பயமில்லீங்க அம்மணி. இடுப்புல பீயக் கட்டிக்கிட்டு மணவறையில எப்படிங்க நிக்கறது? அந்தப் புள்ளைகளுக்கு நல்லதா ஆகும்?"

அவ்வளவு மரியாதையான மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டது. ஒரு வழி இருக்கிறது என்றேன். இளஞ்சூட்டுத் தண்ணீரை, வயிற்றில் திறந்த அந்தக் குடல்வாய் வழியாக உள்ளே விட்டுக் குடலைக் கழுவிவிடலாம். பழகிவிட்டால் ஒருநாள் முழுக்க ஒன்றும் வராது. பெயருக்கு ஒரு சின்ன மூடி ஒட்டிக்கொண்டால் போதும். எல்லோருக்கும் சரிப்படாது, அவர் குடலுக்குச் சரிப்படும் என்று டாக்டரும் சொன்னார்.

குறி போடும் நாளில் அவரைப் பாடாய்ப் படுத்தினேன். வேட்டி கட்டச் சொன்னேன், சம்மணம் போடச் சொன்னேன், மணமக்களை ஆசீர்வாதம் செய்வதுபோலக் குனியச் சொன்னேன். எந்த மடிப்பும் வராத, வேட்டிக் கட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்தேன். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடம் வாங்குகிற அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. உறவினர்களுக்கு 'மூல ஆபரேஷன்' என்று சொல்லிவிட்டார்கள். விஷயம் தெரிந்தது அவருக்கு, அவர் மனைவிக்கு, மகனுக்கு, எங்களுக்கு. கழுவுவதை நானே சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச மாதங்களில் மறுபடி கல்யாணம் நடத்த ஆரம்பித்துவிட்டார். செக்கப்புக்கு வரும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். "இப்பக் கண்ணாலத்துக்கு வர்றவங்கள்லயே நாந்தானுங்க அம்மணி ரொம்பச் சுத்தம். எல்லாரும் உள்ளார வெச்சுக்கிட்டு வாராங்க, நான் கழுவிப்போட்டு வாரேன்!" அவர் மனைவி வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு அதைவிடப் பெரிய விருது கிடைத்ததில்லை.

அப்படி அவர் செக்கப்புக்கு வந்த ஒரு காலையில்தான் மதுக்கரையிலிருந்து வேறொரு லாரிக்காரர் வந்தார். சிமெண்ட் ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர், ஐம்பதை நெருங்கியவர். வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. நாலைந்து நாளாக மலமும் இல்லை, வாயுவும் பிரியவில்லை. கேஸ் என்று நினைத்து சோடா குடித்திருக்கிறார். அது போதாதென்று விளக்கெண்ணெயும் குடித்திருக்கிறார். அடைத்த குழாயில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடந்துகொண்டிருந்தது. வாயுகூடப் பிரியாத வயிற்றுக்குப் பேதிக்குக் கொடுக்கக் கூடாது என்பதை, தயவுசெய்து, வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

இடது பெருங்குடலில் கட்டி அடைத்திருந்தது. உடனே ஆபரேஷன். அடைத்த பகுதியை வெட்டி எடுக்கலாம், ஆனால் வீங்கிப்போன குடலை அன்றைக்கே சேர்த்துத் தைத்தால் பிய்ந்துவிடும். அதனால் சில மாதங்களுக்குப் பை, பிறகு பையை எடுத்துவிட்டுக் குடலைச் சேர்த்துவிடலாம். டாக்டர் இவ்வளவும் பொறுமையாகச் சொன்னார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட, லாரிக்காரர் பேனாவைத் தொடவே இல்லை.

"புள்ளைக்கு நிச்சயம் பண்ணிப்போட்டமுங்க. அப்பனுக்கு வயித்துல பைன்னு மாப்பிள்ளை ஊட்டுக்குத் தெரிஞ்சா, என்ன வியாதியோ ஏதோன்னு உட்டுட்டுப் போயிருவாங்க. மாத்திரையில கரைச்சு உடுங்க. இல்லாட்டி உட்டுருங்க."

பெரிய டாக்டருக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "கொடல் வெடிச்சுப்போச்சுன்னா கண்ணாலத்துக்கு உங்க போட்டோதானுங்க இருக்கும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். 'பேசு, ஆனால் நேரம் இல்லை' என்று அர்த்தம். நான் பேசினேன். கெஞ்சினேன், மிரட்டினேன். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனது.

வெளியே நடைபாதையில் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் கொடுமுடிப் பக்கம். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, அருமைக்காரர் அந்த அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். அவர்கள் கல்யாணத்தையே நடத்திவைத்தவர் இவர்தானாம். எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார்.

"நான் உள்ள போலாமுங்களா அம்மணி?" என்றார்.

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அவரைப் பார்த்ததும் லாரிக்காரர் அந்த வயிற்றோடு எழுந்து உட்காரப் பார்த்தார். "வாங்கய்யா" என்று கும்பிட்டார். சாகக் கிடந்தாலும் பெரியவர் வந்தால் எழ வேண்டும், நம் ஆட்கள் அப்படி.

"படுங்க மாப்ளே, படுங்க." அருமைக்காரர் சட்டையைத் தூக்கினார். வேட்டியைக் கொஞ்சம் இறக்கினார். நான் புள்ளி வைத்த அதே இடத்தில், மூடியை எடுத்துக் காட்டினார். சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்னப் பூமொட்டு அளவுக்குக் குடல்.

"பாத்துக்கங்க. இதோடதான் உங்க மச்சான் மகன் கண்ணாலத்தை நடத்திவெச்சேன். பந்தியில உங்களுக்குப் பக்கத்துலதான் உக்காந்து சாப்பிட்டேன். ஆராச்சும் கண்டுபிடிச்சீங்களா? எனக்கு இது சாகற மட்டும். உங்களுக்கு நாலு மாசம். உங்க புள்ளை கண்ணாலத்தை நானே வந்து நடத்திக் குடுக்கறேன். கையெழுத்துப் போடுங்க, சாமி."

லாரிக்காரர் அந்தக் குடலையே பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். குழந்தைபோல அழுதார். கையெழுத்துப் போட்டார். அடுத்த அரை மணி நேரத்தில் வயிற்றைத் திறந்தார்கள். பெருங்குடலின் ஆரம்பப் பகுதி காகிதம்போல மெலிந்து வெடிக்கத் தயாராக இருந்தது என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். மதியத்துக்குமேல் தள்ளிப்போட்டிருந்தால் அந்த மனிதர் இல்லை.

எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் எல்லோருக்கும் என் செலவில் காபி வாங்கிக் கொடுத்தேன். 'ஒரு நோயாளியே இன்னொரு நோயாளிக்கு மருந்து' என்றெல்லாம் ஜூனியர்களிடம் வகுப்பு எடுத்தேன். அந்தச் சந்தோஷத்தில், லாரிக்காரர் வீட்டாரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "அந்த ஐயா காட்டியது இந்த அறையோடு இருக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த அம்மா நன்றி தாங்காமல்தான் சொன்னார். பார்க்க வந்த ஒவ்வொரு ஒறம்பரைச் சொந்தக்காரரிடமும், "அருமைக்காரரு மட்டும் சட்டையத் தூக்கிக் காட்டலீன்னா எங் கழுத்துல தாலி இருந்திருக்காதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். கேட்டவர்கள் எல்லோரும் கண்கலங்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், போன வருஷம் அவர் நடத்திவைத்த கல்யாணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு இன்னும் குழந்தை தங்கவில்லை என்று யாரோ ஆரம்பித்தார்களாம்.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால்தான் பதில் பேசலாமே. "உடம்பு முடியாதவருங்க, உங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்", "நீங்க வந்து முன்னால உக்காந்தாப் போதுமுங்க" என்றார்கள். தேதி குறித்துவைத்திருந்த வீடுகளில் இருந்து ஒவ்வொருவராக வந்து, வெற்றிலை பாக்கோடு, அத்தனை மரியாதையாக அவரை ஒதுக்கிவைத்தார்கள்.

எனக்கு இது தெரியாத விஷயமா? என் அப்பா தோட்டத்துக் கூலிக்காரர். அவர் குடிக்கத் தனி டம்ளர் ஒன்று முதலாளி வீட்டு மாட்டுக்கொட்டகையில் செருகியிருக்கும். அந்த வீட்டில் அவரிடம் யாரும் கடிந்து பேசியதில்லை. காபியைக்கூடச் சர்க்கரை தூக்கலாகத்தான் ஊற்றுவார்கள், டம்ளரைத்தான் மாற்ற மாட்டார்கள். அந்த டம்ளரைப் பார்த்து வளர்ந்தவள் நான். கதவைத் திறந்துவிட்ட அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு லாரிக்காரரின் நாடித்துடிப்பு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

அருமைக்காரர் அடுத்த முறை வந்தபோது இளைத்திருந்தார். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு நோய் திரும்பவில்லை என்றார். மூடிக்குப் பதில் பை ஒட்டியிருந்ததைப் பார்த்த நான், "ஏனுங்க ஐயா, கழுவறதை உட்டுட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க போறதுக்குக் கழுவோணும்?" என்று சிரித்தார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. "நல்ல வேட்டியெல்லாம் மடிச்சு பீரோவுல வெச்சுட்டாருங்க சிஸ்டர். லுங்கியோடவே கெடக்கறாரு" என்றார். என்னால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஐயா, அன்னைக்கு உங்களை உள்ள உட்டிருக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அட, சும்மா இருங்க அம்மணி. நீங்க கதவைத் தெறக்கலீன்னா நான் சன்னல்ல நின்னு காட்டியிருப்பேன்." அவர் எனக்காகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

லாரிக்காரருக்குப் பையை எடுத்துக் குடலைச் சேர்த்தாயிற்று. தள்ளிப்போட்ட கல்யாணத்தை ஆவணியில் வைத்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது. கோயமுத்தூரில் பெரிய மண்டபம். உள்ளே போனதும் என் கண் மணவறையைத்தான் தேடியது. அங்கே வேறொரு அருமைக்காரர் நின்று சீர் செய்துகொண்டிருந்தார். நம்மவர் முன்வரிசையில், நடு நாற்காலியில், மனைவியோடு உட்கார்ந்திருந்தார். தோளில் சரிகைத் துண்டு போட்டுவிட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவர் முன்னால் குனிந்து கும்பிட்டார்கள்.

லாரிக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். வயிறு ஒட்டி, முகம் தெளிந்து, பட்டு வேட்டியில் மாப்பிள்ளையைப் போலவே இருந்தார். நான் வாழ்த்தவில்லை. "அவருதானுங்க நடத்தி வெக்கறேன்னு சொன்னாரு?" என்று கேட்டேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். எங்கம்மா மேல சத்தியமா எனக்கு ஒண்ணுமில்லீங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஏதாச்சும் நெனைச்சுக்குவாங்கன்னு... புள்ளை வாழ்க்கையாச்சேங்க. அதானுங்க ஐயாவை முன்னால உக்கார வெச்சு, மொத மரியாதை பண்ணி..." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே பையை நாலு மாதம் கட்டிக்கொண்டிருந்தவர்தான் அவர். வெறும் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்ததால் மாப்பிள்ளை வீட்டுக்கு அவர் பை கடைசி வரை தெரியவே இல்லை.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அதே நாள் திரும்பி வந்தால் அந்தக் கதவை மறுபடியும் திறப்பேனா? திறப்பேன் என்றுதான் நினைக்கிறேன், உள்ளே ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தது. ஆனால் திறப்பதற்கு முன்னால் அவர் கையைப் பிடித்து, "ஐயா, உங்களுக்கு இதனால என்ன ஆகுமுன்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டிருப்பேன். வெளியே வந்ததும் அந்த வீட்டாரை நிற்கவைத்துச் சத்தியம் வாங்கியிருப்பேன். நோயாளிகள் தாமாக முன்வந்து உதவும்போது நமக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. அப்போதுதான் நீங்கள் அவர்களை அதிகமாகக் கவனிக்க வேண்டும். நோயாளி நாளைக்கு என்ன வேலைக்குப் போக வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்கச் சொன்னார் இல்லையா, அதை அன்றைக்குத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு மண்டபத்தில் அருமைக்காரர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். லுங்கி இல்லை, கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி. சாப்பிட்டீர்களா, பிள்ளைகள் சௌக்கியமா என்று விசாரித்தார். மணவறையில் அந்த இன்னொரு அருமைக்காரர் ஏதோ ஒரு சீரை வரிசை மாற்றிச் செய்தபோது, இவர் விரல்கள் தொடையின் மேல் தானாக அசைந்தன. பிறகு மேளம் ஓய்ந்த ஒரு சமயத்தில், யாருக்கும் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"காத்தால நேரமே எந்திரிச்சுக் கழுவிப்போட்டுத்தானுங்க அம்மணி வந்தேன்" என்றார். "கடைசி நேரத்துல ஒருவேளை கூப்புட்டாங்கன்னா?"

தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம் வந்தது. மண்டபமே எழுந்து நின்றது. அவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, எங்களோடு முன்வரிசையிலேயே நின்றார்.